முன் என்ற இரண்டெழுத்து

பூகம்பப் பதிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். கருவிகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. என் காலத்துக் கருவியைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். புகைக்கரி பூசிய காகிதத்தை ஓர் உருளையில் சுற்றி வைப்போம், அதன்மேல் ஊசி கோடு கிழிக்கும். காலையில் காகிதத்தை மாற்றி முடிப்பதற்குள் என் மூக்கு நுனி கறுத்துவிடும். அந்த மூக்கோடு டீக்கடையில் உட்கார்ந்து உலக விஷயம் பேசுவேன். ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். நான் எழுதப்போவது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. அதை அவசரப்பட்டு எழுதியதில் முப்பத்தெட்டுப் பெண்பிள்ளைகளின் ஒரு வருஷப் படிப்பு போகப் பார்த்தது.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஒரு பாறை மேட்டில் எங்கள் நிலையம் இருந்தது. இரண்டே அறை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. சுற்றிலும் ஏரிகளும் கல் குவாரிகளும்தான். கம்பெனி என்று சொல்லிக்கொள்ள அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து தகரக் கொட்டகைகள். ஊர்க்காரர்கள் எங்கள் நிலையத்துக்கு நடுக்க ஆபீஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதனால் நான் நடுக்க சார். என் மனைவி கடைக்குப் போனால் நடுக்கம்மா. அவள் இதற்காக என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

சேர்ந்த முதல் மாதமே ஒரு பூகம்பம் கண்டுபிடித்தேன். விடாமல் கால் மணி நேரம் ஊசி ஆடியது. நேரத்தைக் குறித்துக்கொண்டு வெளியே ஓடி வந்து பார்த்தால், கருவி அறையின் சுவரில் ஓர் எருமை ஆனந்தமாக முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்தே நான் பாடம் கற்றிருக்க வேண்டும். எருமையை விரட்டியதோடு சரி.

எங்களுக்குப் பெரிய தொல்லை எருமை அல்ல, குவாரி. நண்பகலில் பாறைக்கு வெடி வைப்பார்கள், எங்கள் ஊசி துள்ளும். பூமி தானாக அதிர்ந்ததா, மனிதன் அதிர வைத்தானா என்று பிரித்தறிய ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். குவாரியின் வெடி மேஸ்திரி தினமும் சைக்கிளில் வந்து ஒரு சீட்டுக் கொடுப்பார். எத்தனை மணிக்கு எத்தனை வெடி என்று அதில் இருக்கும். அந்த நேரத்துக் கோடுகளுக்குப் பக்கத்தில் நான் ‘வெ’ என்று குறித்துவிடுவேன். மேஸ்திரி கத்தோலிக்கர். வலது கையில் ஒன்றரை விரல் கிடையாது, ஆனாலும் என்னைவிட அழகாக எழுதுவார். அவருடைய மகள் அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுத இருந்தாள். அவர்கள் தெருவில் அந்தப் பரீட்சை வரை போன முதல் பெண் அவள்தான்.

அந்தச் சமயத்தில்தான் சீனத்திலிருந்து அந்தச் செய்தி வந்திருந்தது. ஒரு நகரத்தில் சின்னச் சின்ன அதிர்வுகள் அடுத்தடுத்து வந்ததைப் பார்த்து, பெரியது வரும் என்று ஜனங்களை வெளியே வரச் சொன்னார்களாம். சொன்னபடி வந்ததாம். ஏராளமானோர் பிழைத்தார்களாம். எங்கள் தொழிலில் இருந்த எல்லோருக்கும் அன்றைக்குக் காய்ச்சல் வந்தது, எனக்கு ஜன்னியே கண்டது.

பெரிய பூகம்பத்துக்கு முன்னால் வரும் இந்தச் சின்ன அதிர்வைத்தான் முன்னதிர்வு என்கிறோம். இது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லில் இருக்கும் வில்லங்கம் வேலையில் இறங்கிய பிறகுதான் புரியும். சின்ன அதிர்வு எதுவும் நெற்றியில் பெயர் எழுதிக்கொண்டு வருவதில்லை. பத்து வந்தால் பத்தும் சும்மா வந்துவிட்டுப் போனதாகவே பெரும்பாலும் முடியும். பின்னால் பெரியது வந்தால்தான் முதலில் வந்ததை முன்னதிர்வு என்று சொல்லலாம். அதாவது அந்த ‘முன்’ எப்போதும் பின்னால்தான் எழுதப்படும். எனக்கு இது ஏட்டில் தெரியும், புத்தியில் ஏறவில்லை.

மார்ச் மாதம், பரீட்சைக்கு முந்தைய வாரம். திங்கள்கிழமை ஒரு சின்னக் கோடு. செவ்வாய் ஒன்று, கொஞ்சம் பெரிதாக. புதனும் வியாழனும் இரண்டிரண்டு, இன்னும் பெரிதாக. எல்லாம் குவாரி சீட்டில் இல்லாதவை. வியாழக்கிழமை சீட்டு கொண்டுவந்த மேஸ்திரியிடம், சாயங்காலத்தில் வெடி ஏதாவது வைக்கிறீர்களா என்று நேரடியாகவே கேட்டேன். பன்னிரண்டு மணிக்கு மேல் வெடியே கிடையாது என்று அடித்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஏழாவது கோடு விழுந்தது. அது மற்றவற்றைவிடச் சின்னதாக இருந்தது. அது என் கதைக்கு ஒத்துவரவில்லை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் கண்டும் காணாமல் விட்டேன். முதல் ஆறு கோடுகளும் சாயங்காலம் ஐந்து மணியை ஒட்டி விழுந்திருந்தன. பூமிக்கு ஏது சாயங்கால ஷிஃப்ட்? ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சந்தேகப்பட்டிருக்கும். வெடியின் கோடும் பூமியின் கோடும் வேறு மாதிரி இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். உற்றுப் பார்க்க எனக்கு மனமில்லை. என் மனம் ஏற்கெனவே சீனத்து ஆட்களோடு மேடையில் உட்கார்ந்து மாலை வாங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசுக்குப் போய் மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்குத் தந்தி எழுதினேன். ஏழு முன்னதிர்வுகள், வலு கூடிக்கொண்டே போகிறது, இதுதான் சாரம். தந்தி குமாஸ்தா வார்த்தைகளை எண்ணிக்கொண்டே வந்தவர் அந்தச் சொல்லில் நின்றார், அப்படியென்றால் என்ன என்று கேட்டார். பெரியது வருவதற்கு முன்னால் வரும் சின்னது என்று விளக்கினேன்.

"அப்போ பெருசு வருதா சார்?"

நான் சிரித்தேன். எல்லாம் தெரிந்தவன் சிரிக்கும் சிரிப்பு. வாயால் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கெடுதி வந்திருக்காது. நான் பஸ் ஏறி ஊர் வந்து சேர்வதற்குள் எனக்கு முந்தைய பஸ்ஸில் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அதுவரை எதையும் உணராத ஜனங்கள், வாரம் முழுக்கத் தங்கள் வீட்டுப் பாத்திரங்கள் ஆடியதாகச் சொன்னார்கள். ஒருவருடைய கோழி முட்டையிடுவதை நிறுத்தியிருந்ததாம். படப்பை வரைக்கும் போன செய்தி அங்கிருந்து திரும்பி வரும்போது, திங்கட்கிழமை காலை பத்து மணி என்று நேரமும் குறித்துக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் பரீட்சை தொடங்க இருந்தது.

சனிக்கிழமை காலை, கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை நிலையத்துக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர், எனக்கும் சிஸ்டர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். பரீட்சை நடக்கும் ஹால் பழைய வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். சுவரில் தரையிலிருந்து உத்தரம் வரை ஒரு விரிசல். மேலே கனமான தளம். பிள்ளைகளை அதற்குள் விடமாட்டோம் என்று காலையிலிருந்தே தகப்பன்மார் வாசலில் நிற்கிறார்கள். ஆபத்து என்று நான் எழுத்தில் கொடுத்தால் கல்வி அலுவலகம் மையத்தைச் செங்கல்பட்டுக்கு மாற்றிவிடும். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பாதிப் பேர் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். அனுப்பாத பிள்ளைகளுக்கு அடுத்த வருஷம் பரீட்சை இருக்காது, கல்யாணம்தான் இருக்கும். நான் எழுதிக் கொடுக்காவிட்டால், அந்தத் தளத்துக்குக் கீழேதான் முப்பத்தெட்டுப் பேரும்.

"ஒரே கேள்விதான் சார். திங்கக்கெழம அந்த ஹாலுக்குள்ள பிள்ளையள உட்கார வைக்கட்டுமா, வேண்டாமா?"

ஒரு வாரமாக டீக்கடையில் பூமியின் அந்தரங்கங்களை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்த நான், பெரியது வரலாம், வராமலும் இருக்கலாம் என்றேன்.

"இது எனக்கே தெரியுமே. இதச் சொல்ல மெஷின் எதுக்கு?" என்றார் சிஸ்டர். அதில் கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருவதாகவும், அதற்குள் யோசித்து வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார். அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. பூகம்பத்தை நினைத்து வந்த பயமில்லை. என் தந்தியை நினைத்து வந்த பயம்.

அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் தந்தி வந்திருந்தது. வெடி அல்ல என்பதை மறுபடி உறுதி செய், அவ்வளவுதான். அவர்களுக்கு என்னைப் பற்றியும் எருமையைப் பற்றியும் தெரியும். சாயங்காலம் மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். வீட்டுச் சாமான்களில் பாதி வாசலில் கிடந்தன. மகள் அந்தச் சாமான்களுக்கு நடுவில் ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டு என்றால் அனுப்பப்போவதில்லை என்று மேஸ்திரியின் மைத்துனர்கள் அப்போதே முடிவு செய்திருந்தார்கள். நான் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டேன். மேஸ்திரி மறுபடியும் அதே பதிலைச் சொன்னார். போகட்டும், இந்த வாரம் சாயங்காலங்களில் எங்கே இருந்தீர்கள் என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"கெணத்தாண்ட சார். ஒரகடம் ரோட்டுல யாரோ ஒரு மொதலாளி ஷெட் போட எடம் வாங்கி கீறாரு. அவருக்குக் கெணறு தோண்டிக்கினு கீறோம்."

"கிணத்துல வெடி வெச்சீங்களா மேஸ்திரி?"

"வெடி எங்க சார் வெச்சேன்? தோட்டா தானே போட்டேன்."

அவர் என்னை ஏமாற்றவில்லை. வெடி என்றால் அவருக்குக் குவாரி வெடி. முறைப்படி சங்கு ஊதி, சிவப்புக் கொடி காட்டி, பாறையைப் பிளந்து போடுவது. கிணற்றுக்குள் இரண்டு மருந்துக் குச்சியைச் சொருகித் திரி கொளுத்துவது தோட்டா. அதை வெடி என்று சொல்வது அவருடைய தொழிலுக்கே கௌரவக் குறைச்சல். நாளுக்கு நாள் வலு கூடியது எப்படி என்று கேட்டேன். கீழே போகப் போகப் பாறை கெட்டி, அதனால் தினம் ஒரு குச்சி கூட்டினாராம். நான் தந்தியில் சொல்லியிருந்த பூமியின் ஆவேசம் இதுதான்.

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எல்லாம் தோட்டா, ஒன்றுமே இல்லை என்று ஊருக்குச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம். எழுந்தேன். எழுந்த பிறகுதான் ஏழாவது கோடு நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எத்தனை தோட்டா போட்டீர்கள் என்று கேட்டேன். மேஸ்திரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தவக்காலத்து வெள்ளிக்கெழம சார். மூணு மணிக்கு சிலுவைப்பாதை. எங்க ஆளுங்க அல்லாரும் கோயில்ல தான் இருந்தோம்."

நிலையத்துக்கு ஓடிப்போய் அந்தக் காகிதத்தை விரித்து, ஒரு வாரமாகச் செய்யாததைச் செய்தேன். உற்றுப் பார்த்தேன். ஆறும் ஒரே அச்சு, தோட்டாதான். ஏழாவது அப்படி இல்லை. சின்னதுதான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பூமியே போட்ட கோடு. நான் மதிக்காமல் விட்ட அந்த ஒன்றுதான் நிஜம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆறு தப்பு என்று தெரிந்த பிறகு ஏழாவதையும் சேர்த்துக் குப்பையில் போடத்தான் ஆசை வரும். எனக்கும் வந்தது. அசடு வழிந்தவனுக்கு இன்னொரு தடவை வாய் திறக்கவே கூசும். ஊரும் அதைத்தான் கேட்க விரும்பும். வாரம் முழுக்க, மாலை கழுத்தில் விழும் ஆசையில் இல்லாததைப் பார்த்தேன். இப்போது வெட்கத்தில் இருப்பதை மறைக்கப் பார்த்தேன். இரண்டும் ஒரே குற்றம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சிஸ்டரைப் பள்ளி வளாகத்திலேயே போய்ப் பார்த்து ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். தோட்டா கதைக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஏழாவதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அப்போ அந்த ஒண்ணு?"

"அது நிஜம் சிஸ்டர்."

"பின்னால பெருசு வருமா?"

"தெரியாது. சின்னது வந்து ஒண்ணும் ஆகாமப் போறதுதான் அதிகம். ஆனா இது எந்த வகைன்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

சிஸ்டர் ஹாலைப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார், பிறகு விளையாட்டு மைதானத்தைப் பார்த்தார். தகப்பன்மாரைக் கூப்பிட்டார். மையம் மாறாது, பள்ளிக்கூடத்திலேயேதான் பரீட்சை, ஆனால் தளத்துக்குக் கீழே இல்லை என்றார். அன்று மாலைக்குள் மூங்கிலும் கீற்றுமாக மைதானத்தில் ஒரு கொட்டகை எழும்பிவிட்டது. விழுந்தாலும் தலையில் கீற்றுதான் விழும். காற்றுக்கு விடைத்தாள் பறக்காமல் இருக்க, குவாரிக்காரர்கள் பிள்ளைக்கு இரண்டு ஜல்லிக்கல் வீதம் கழுவிக் கொண்டுவந்து வைத்தார்கள்.

திங்கள்கிழமை பரீட்சை நடந்தது. பெரியது வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. குவாரி வெடி நேரம் போக, வாரம் முழுக்க ஊசி ஒரு பூனைபோலத் தூங்கியது. வந்தது பூகம்பம் அல்ல, கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி. அங்கீகரித்த ஹாலை விட்டுவிட்டு யாரைக் கேட்டு வெளியே பரீட்சை நடத்தினீர்கள் என்று சிஸ்டருக்கு மெமோ கொடுத்துவிட்டார். தகுந்த விளக்கம் வரும்வரை முப்பத்தெட்டுப் பேரின் விடைத்தாள்களும் தனியாகக் கட்டி வைக்கப்படும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் அவை திருத்தவே படாது.

சிஸ்டர் கேட்பதற்கு முன்பே நான் கடிதம் எழுதிக்கொண்டு ஓடினேன். பரீட்சைக்கு முந்தைய வெள்ளியன்று இந்தப் பகுதியில் முன்னதிர்வு பதிவானது, பெரும் அதிர்வு வரும் அபாயம் இருந்தது என்று முத்திரையோடு எழுதியிருந்தேன். அந்த ஒரு சொல்லைப் பார்த்தால் எந்த அதிகாரியும் கோப்பை மூடிவிடுவார் என்று எனக்குத் தெரியும். நல்ல காரியத்துக்குத்தானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். சிஸ்டர் படித்தார். சொல்லின்மேல் விரலை வைத்தார்.

"பெருசுதான் வரலியே. பிறகு இது எப்படி முன் ஆச்சு?"

இப்படி எழுதினால் சீக்கிரம் முடியும் என்று இழுத்தேன்.

"வரும்னு நீங்க சொல்லியிருந்தா, நான் மையத்த மாத்தச் சொல்லியிருப்பேன். வராதுன்னு சொல்லியிருந்தா உள்ள உட்கார வச்சிருப்பேன். தெரியாதுன்னு சொன்னீங்க. அதனாலதான் கொட்டகை போட்டேன். அதையே எழுதித் தாங்க சார்."

அந்த இடத்திலேயே வேறு காகிதத்தில் எழுதினேன். வெள்ளிக்கிழமை ஒரு சிற்றதிர்வு பதிவானது. அதற்குப் பின் வலுவான அதிர்வு வருமா வராதா என்பதை அறிய வழி இல்லை. இதை ஞாயிறன்று தலைமையாசிரியையிடம் தெரிவித்தேன். மூன்றே வரி. என் உத்தியோகத்தில் நான் எழுதியவற்றில் கை நடுங்காமல் எழுதியது அதுதான். முத்திரை குத்தினேன். அவர் தன் விளக்கத்தோடு சேர்த்து அனுப்பினார்.

ஆறு வாரம் பதில் இல்லை. அந்த ஆறு வாரமும் மேஸ்திரி தினமும் வந்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காதது எனக்குப் பெரும் தண்டனையாக இருந்தது. முதல் கடிதத்தையே அனுப்பியிருக்கலாமோ என்று நான் புரண்ட நாட்கள் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பிறகு ஒரு நாள் சிஸ்டர் ஆளனுப்பினார். விடைத்தாள்களைத் திருத்த அனுமதித்துவிட்டார்கள். இனிமேல் முன் அனுமதி பெற வேண்டும் என்று அவருக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் வந்திருந்தது.

அந்த வருஷமே, சில மாதங்கள் கழித்து, அதே சீனத்தில் இன்னொரு நகரம் அழிந்தது. அங்கே எச்சரிக்க எந்தச் சின்ன அதிர்வும் வரவில்லை. முந்தைய வருஷம் ஜனங்களைக் காப்பாற்றியவர்களைவிட இந்த நகரத்துப் பதிவுக்காரர்கள் எதிலும் குறைந்தவர்கள் இல்லை. பூமி அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நீங்கள் என்றைக்காவது முன்னதிர்வைக் கண்டு சரியாகச் சொல்லிவிட்டால், அதில் உங்கள் கெட்டிக்காரத்தனம் எவ்வளவு என்று தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்.

பரீட்சை முடிவு வந்த அன்று மேஸ்திரி பேப்பரோடு வந்தார். முப்பத்தெட்டில் முப்பத்தொரு எண்கள் இருந்தன. அவருடைய மகளின் எண் இல்லை. இரண்டு பேருமாக மூன்று தடவை தேடினோம். என் தந்தியால்தான் படிப்பு கெட்டது, அந்த வாரம் பிள்ளையை நிம்மதியாகப் படிக்க விடவில்லை என்று தட்டுத்தடுமாறி ஏதோ சொன்னேன். மேஸ்திரி பேப்பரை மடித்தார்.

"அதெல்லாம் இல்ல சார். கணக்கு அவளுக்கு எப்பவும் தகராறுதான். அவளே போயி எழுதினா, அவளே ஃபெயில் ஆனா. யாரும் அவள எழுதவுடாம பண்ணல இல்ல? அக்டோபர்ல திரும்ப எழுதுவா."

மைத்துனர்கள் ஒத்துக்கொண்டார்களா என்று கேட்டேன். ஒரு தடவை உட்கார்ந்தவளை இனி யார் நிறுத்துவது என்றார். சைக்கிளை எடுத்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு நின்றார்.

"அக்டோபர்ல நடுக்கம் கிடுக்கம் வருமா சார்?"

"தெரியாது மேஸ்திரி."

"அப்போ சரி," என்றார். "சிஸ்டராண்ட சொல்லி கொட்டாய் போட்டுடறேன்."